கதவு கேட்ட முகம்

"மன்னிக்கவும். உங்களை அடையாளம் தெரியவில்லை" என்று என் மனைவி சொன்னாள்.

சொன்னது அவள் இல்லை, கதவு. குரல் மட்டும் அவளுடையது. எங்கள் கம்பெனி, முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவுகளைச் செய்கிறது. கதவு பேசவும் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. பேசுவதற்கு ஆள் வைத்தால் செலவாகுமே என்று கணக்காளருக்குக் கவலை. இரண்டுக்கும் நடுவில் என் மனைவி அகப்பட்டாள். எதிரொலி வராமல் இருக்க எங்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு இரண்டு வாக்கியங்களைப் பதிவு செய்து கொடுத்தாள். "வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்" என்பதில் அன்பை வரவழைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "உங்களை அடையாளம் தெரியவில்லை" முதல் தடவையிலேயே கச்சிதமாக வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒத்திகை பார்த்த வசனம் அல்லவா.

அன்றைக்கு எங்கள் அலுவலகமே காலி. முதலாளி எல்லாரையும் ஒரு பஸ்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கு உல்லாசப் பயணம் போயிருந்தார். உல்லாசம் கட்டாயம், வர முடியாதவர்கள் காரணம் சொல்ல வேண்டும். சொன்னவர்கள் இரண்டே பேர். பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும் என்றவர் சோதனையக்கா. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும் என்றவன் நான்.

சோதனையக்காவின் வேலை, நாங்கள் செய்து முடித்துவிட்டதாக நினைக்கும் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பது. ஐம்பதை நெருங்கியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அதை மேசையெல்லாம் தேடுவார். ஆனால் அடுத்தவன் வேலையில் இருக்கும் ஓட்டை கண்ணாடி இல்லாமலேயே அவருக்குத் தெரியும். அவர் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. அவரும் அதைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் வந்து கதவைப் பார்க்கப் போகிறார். அதற்குள் ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் அந்த அறைக்குள் போனோம். முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறை அது. ஜன்னல் கிடையாது. அதற்கு இரும்புக் கதவு ஒன்றைப் போட்டு, கதவின் இரண்டு பக்கமும் கேமராவை வைத்து, 'சோதனைக்கூடம்' என்று பலகை மாட்டியிருந்தோம். உள்ளே போகவும் முகம் வேண்டும், வெளியே வரவும் முகம் வேண்டும். ஒயர் வேலை முடியாததால் ஒரு வாரமாகக் கதவு மூடாமல் ஒரு நாற்காலியை வாசலில் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சோதனையக்கா அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"தம்பி, தெறந்தே கெடந்தா அது கதவா? சுவத்துல ஒரு ஓட்டை. மூடினாத்தானே சோதனை."

"இருங்கக்கா, அந்த எலெக்ட்ரிஷியன் இன்னும்..."

நான் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியைக் காலால் வெளியே தள்ளிவிட்டார். கதவு சாவகாசமாக வந்து மூடிக்கொண்டது. பூட்டு 'டக்' என்றது. நான் கேமராவுக்கு முன்னால் போய், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் என் மனைவி அப்படிச் சொன்னாள்.

அக்காவும் கேமரா முன்னால் நின்று பார்த்தார். அவருக்கும் அதே பதில். "மரியாதையாத்தான் சொல்லுது" என்றார்.

கதவுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. மேலே 'அவசரத்துக்கு அழுத்தவும்' என்று நான்தான் அச்சடித்து ஒட்டியிருந்தேன். அழுத்தினேன். பொத்தான் கையோடு வந்தது. பின்னால் இரண்டு ஒயர்கள் பல்லி வால் மாதிரி தொங்கின. இணைப்பை அடுத்த வாரம் கொடுப்பதாக எலெக்ட்ரிஷியன் சொல்லியிருந்தார். அவர் நாள்காட்டியில் இருப்பது அந்த ஒரே ஒரு வாரம்தான்.

"சரி, போன் பண்ணு" என்றார் அக்கா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போன்கள் வெளியே மரப்பெட்டியில் இருந்தன. இந்த அறைக்குள் வாடிக்கையாளர்களின் முகப்படங்கள் இருக்கின்றன, யாரும் போன் கொண்டுவரக் கூடாது, கணினியிலும் இணையம் இருக்கக் கூடாது என்று ஒரு விதி. விதியைக் கேட்டு வாங்கியவர் அக்கா. ஆகா, அருமையான விதி என்று கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான்.

காவலாளி மூன்று மாடி கீழே, வாசலில். இருந்தாலும் கத்தினோம். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை, அக்கா அவ்வளவு நன்றாகக் கத்தினார். அறைக்குள் இருந்த சக்கரம் வைத்த முக்காலியைத் தூக்கிக் கதவில் மோதினேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முக்காலி திரும்பி வந்து என் முழங்காலில் மோதியது.

"விடு தம்பி. பஸ் சாயங்காலம் வந்துடும். அதுவரைக்கும் உக்காந்து ரிப்போர்ட் எழுதுவோம்." அக்கா முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். "குறை ஒன்று: கதவு திறக்கவில்லை. குறை இரண்டு: செய்தவன் உள்ளே இருக்கிறான்."

"எனக்குச் சாயங்காலம் வரைக்கும் முடியாதுக்கா. மூணு மணிக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வரணும்."

"உன் வீட்டம்மா?"

அவள் அன்றைக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு நேர்காணலில் இருந்தாள். மகள் பிறந்ததிலிருந்து வேலைக்குப் போகாமல் இருந்தவளுக்கு வராது வந்த அழைப்பு. போனை அணைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். காலையில் கிளம்பும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "ஒரே ஒரு நாள் உங்களை நம்பிப் போறேன். மறந்துடாதீங்க" என்றாள். நான் மறக்கவில்லை. இதை யாரும் நம்பப் போவதில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்: நான் மறக்கவில்லை, கதவுதான் என்னை மறந்துவிட்டது.

மகளை நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுவோம். ஒன்றாம் வகுப்பு. பட்டாணி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா வரலன்னா பரவாயில்ல. எனக்கு வழி தெரியும், நானே வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். அம்மாவைத் தைரியப்படுத்தத்தான் சொன்னாள். ஆனால் பட்டாணி ஒன்று சொன்னால் செய்துவிடுவாள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில், லாரிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் பெரிய சாலை. அதில் பெரியவர்களே கையைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள்.

இதைச் சொன்னதும் அக்கா காலை மடக்கிக்கொண்டார். ரிப்போர்ட் பேச்சு நின்றது.

"இந்தக் கதவோட கணினிப் பெட்டியைத் தெறந்து நிரலை மாத்த முடியாதா?"

"பெட்டி வெளியில, கதவுக்கு மேல இருக்கு. காலையில நான்தான் புதுசா ஏத்தினேன். உள்ள வெறும் கேமராதான்."

"அப்ப நிரலை மாத்த முடியாது."

"முடியாது."

"மூஞ்சியைத்தான் மாத்தணும்" என்றார்.

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் என் மண்டையில் ஏதோ ஓடியது.

கதவு எப்படி முகம் படிக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவரிடமும் இருப்பது ஒரே ஒரு அடையாள அட்டைப் படம். அதில் எல்லாரும் மாட்டிக்கொண்ட திருடன்போல நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கதவுக்கு முன்னால் அப்படி யார் வந்து நிற்கிறார்கள்? தலையைச் சாய்த்து வருவார்கள், பாதி முகம் தெரிய வருவார்கள், வெயிலோடு வருவார்கள், தூக்கத்தோடு வருவார்கள். ஆகவே அந்த ஒரு படத்தை எடுத்துக் கொஞ்சம் சாய்த்து ஒன்று, இடவலம் மாற்றி ஒன்று, ஓரத்தை வெட்டி ஒன்று, மங்கலாக்கி ஒன்று, வெளிச்சம் கூட்டி ஒன்று என்று ஒரு படத்தை ஒரு பட்டாளமாக்கி, அதைப் பார்த்துப் பார்த்துக் கதவு பழக வேண்டும். இதையெல்லாம் செய்ய லைப்ரரி இருக்கிறது. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்துவிட்டுப் போன நிரல்களின் மூட்டை. நாம் 'சாய்' என்று ஒரு வரி எழுதினால் அது சாய்க்கும். 'மங்கு' என்றால் மங்கும். என் தொழிலே இப்படி யாரோ சமைத்ததைப் பரிமாறுவதுதான். பரிமாறும்போது கொட்டுவதும் நான்தான்.

"அக்கா, நேரா நின்னா தெரியல. சாய்ச்ச படத்தையும் பழக்கியிருக்கேன். சாஞ்சு பாக்குறேன்" என்றேன்.

லைப்ரரி படத்துக்குச் செய்ததையெல்லாம் நான் என் உடம்புக்குச் செய்ய ஆரம்பித்தேன். தலையை இடது தோளில் சாய்த்தேன். மன்னிக்கவும் என்றாள் மனைவி. வலது தோளில் சாய்த்தேன். மன்னிக்கவும்.

"இன்னும் சாயி. கழுத்து ஒண்ணும் கழண்டுடாது."

"பதினஞ்சு டிகிரிக்கு மேல நான் படத்தைச் சாய்க்கலக்கா."

"மூஞ்சியில பாகைமானியா வச்சிருக்க? சாயி."

அடுத்தது மங்கல். கேமராக் கண்ணாடியில் வாயால் ஊதி ஆவி படர்த்திவிட்டு நின்றேன். அடுத்தது வெட்டல். ஒரு அட்டையால் நெற்றியை மறைத்தேன், பிறகு தாடையை, பிறகு ஒரு பக்கத்தை. இடவலம் மாற்றுவதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் தலை வகிட்டை வலமிருந்து இடத்துக்கு மாற்றி வாரினேன். அக்கா தன் கைப்பையிலிருந்து சீப்பு எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்தைக் கூட்ட, வெள்ளைத் தாளை முகத்துக்குக் கீழே பிடித்தார். ஒவ்வொரு தடவையும் என் மனைவி, குரலில் ஒரு துளி எரிச்சல்கூட இல்லாமல், நான் யார் என்றே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. வீட்டில் கோபம் என்றால், ஆள் யாரென்று தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"படத்தைக் காட்டினா?" என்று நானே கேட்டு, நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். போட்டோவைக் காட்டி யாரும் கதவை ஏமாற்றிவிடக் கூடாது, மேடு பள்ளம் உள்ள நிஜ முகமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து, அதற்கென்று தனியாக ஒரு கண்ணை வைக்கச் சொன்னவரும் அக்காதான்.

"என்னைப் பாக்காதே. நான் என் வேலையைச் செஞ்சேன்" என்றார்.

"நானும் என் வேலையைச் செஞ்சேன்க்கா! நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது வந்துச்சு!"

"எதுல வந்துச்சு?"

"இதோ, இதுலதான்."

மேசைமேல் என் மடிக்கணினி இருந்தது. கதவில் ஏற்றிய அதே மூளையின் இன்னொரு பிரதி அதில் இருந்தது. கணினியின் கேமராவைப் போட்டு என் முகத்தைக் காட்டினேன். கழுத்து வலியோடு, வகிடு மாறி, வியர்த்து வழியும் முகம். திரையில் என் பெயர் வந்தது, பக்கத்தில் தொண்ணூற்றொன்பது. அக்காவைக் காட்டினேன். அவர் பெயரும் வந்தது. அப்போதுதான் அவர் பெயர் என்ன என்று எனக்கே தெரிந்தது.

"இதுக்குத் தெரியுது. அதுக்குத் தெரியல" என்றார் அக்கா. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடியை மாட்டினால் எங்களில் ஒருவனுக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு என்று அர்த்தம். "மூளை ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"கண்ணு?"

"என்ன கண்ணு?"

"இதுவும் அதுவும் ஒரே கண்ணாலயா பாக்குது?"

நான் கதவின் கேமராவைத் திரும்பிப் பார்த்தேன். திரையின் மூலையில் மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

நான் பயன்படுத்துவது இரண்டு லைப்ரரி. படத்தைத் திறந்து எடுத்துத் தருவது ஒன்று. சாய்ப்பதும் வெட்டுவதும் மங்கலாக்குவதும் மற்றொன்று. கணினிக்குப் படம் என்பது வெறும் எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். ஊர் உலகமெல்லாம் சிவப்பை முதலில் எழுதும். இந்த முதல் லைப்ரரி மட்டும், யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நீலத்தை முதலில் எழுதும். அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொடுக்கும்போது நடுவில் ஒரே ஒரு வரி எழுதி வரிசையை மாற்ற வேண்டும். இந்த வரியை மறந்துவிட்டு மாட்டிக்கொள்ளாதவன் எங்கள் தொழிலில் கிடையாது.

நான் மறக்கவில்லை. போன வாரம் வரை அந்த வரி இருந்தது, கதவும் எல்லாரையும் கண்டுகொண்டது. திங்கட்கிழமை ஆள் வருகிறாரே, நிரலைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, 'இது எதுக்கு இங்க வெட்டியா' என்று நானே கிள்ளி எறிந்தேன்.

எறிந்த பிறகு படங்களைத் திறந்தும் பார்த்தேன். எல்லாம் நல்ல நிறத்தில் இருந்தன. காட்டியது அந்த முதல் லைப்ரரி. அதற்கு நீலம் முதலில் இருப்பதுதானே சரி? களவு நடந்ததா என்று களவாணியையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். கணினியின் கேமராவும் அதன் வழியாகத்தான் வருகிறது. அதனால் கணினிக்கு நான் நானாகத் தெரிந்தேன். கதவு மட்டும், பாவம், சிவப்பை முதலில் எடுத்து உலகத்தை உள்ளபடி பார்த்துக்கொண்டிருந்தது.

பழக்கிய படங்களை இரண்டாவது லைப்ரரியில் திறந்தேன்.

அக்கா சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. திரை நிறைய நீல முகங்கள். கணக்காளர் நீலம், சாய்ந்த கணக்காளர் நீலம், மங்கிய கணக்காளர் நீலம். முதலாளி, கிணற்றில் விழுந்து மூன்றாம் நாள் மிதந்தவர்போல இருந்தார். என் முகம் ஊதா கலந்த நீலத்தில், பாதி வெட்டப்பட்டு, ஏதோ ஒரு கனவிலிருந்து எட்டிப் பார்த்தது. கதவின் மூளை ஒரு வார காலம் இந்தக் கூட்டத்தோடுதான் பழகியிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள்தான் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள் என்று முழுமனதாக நம்புகிறது. அதன் முன்னால் போய்ப் பழுப்பு நிறத்தில் ஒருவன் நின்றால், அது யாரென்றுதானே கேட்கும்?

"அப்ப நீ நீலமா இருந்தா அது தெறக்கும்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தெறக்கும்."

முதலில் யோக்கியமான வழியைப் பார்த்தோம். மடிக்கணினியின் திரை முழுவதையும் நீலமாக்கி, அந்த வெளிச்சம் என் முகத்தில் விழும்படி அக்கா பிடித்துக்கொண்டார். அறை விளக்கு பளீரென்று எரிந்ததில் அந்த நீலம் எடுபடவே இல்லை. விளக்கை அணைக்கலாம் என்று சுவரைத் தடவினேன். சுவிட்ச் வெளியே. இந்த அறையில் உருப்படியான எல்லாமே வெளியேதான் இருந்தன: சுவிட்ச், போன், நாற்காலி, பெட்டி, என் மகள்.

அக்கா கணினியை மேசையில் வைத்துவிட்டு மூலை அலமாரியைத் திறந்தார். வெள்ளைப்பலகைக்கு எழுதும் பேனாக்களில் நிரப்புவதற்கான மை அங்கே புட்டியில் இருந்தது. நீலம். முக்கால் புட்டி.

"அக்கா, வேண்டாம்."

"பாப்பா என்ன சொன்னா? 'நானே வந்துடுவேன்'னா?"

நான் முக்காலியில் உட்கார்ந்து முகத்தை நீட்டினேன்.

கைக்குட்டையை மையில் தோய்த்துப் பூசினார். சில்லென்று இருந்தது, பிறகு எரிந்தது. சுவருக்கு வெள்ளையடிப்பவரின் நிதானத்தோடு மேலிருந்து கீழே வந்தார். இத்தனை வருஷமாக என் வேலையில் அவர் கண்ட ஓட்டைகளையெல்லாம் அன்றைக்கு ஒரேயடியாகப் பூசி அடைத்துக்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டது. கணினியைக் கதவின் கண்ணால் பார்க்கும்படி மாற்றி மேசையில் வைத்திருந்தேன். அந்த வரியை இப்போது மறக்காமல் எழுதினேன். என் பெயருக்குப் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே வந்தது. முப்பது. நாற்பத்தைந்து. மூக்கைப் பூசியதும் அறுபது. எண்பதைத் தாண்டினால் கதவு திறக்கும்.

"கொஞ்சம் வெளிறலா இருக்கணும்க்கா. ரொம்ப அப்பாதீங்க. கன்னத்துல பச்சை கொஞ்சம் இருக்கும்..."

"கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு படுத்த மாட்டா. வாயை மூடு, பல்லுல படும்."

எழுபத்தொன்றில் நின்றுவிட்டது. எவ்வளவு பூசியும் நகரவில்லை. இருவரும் திரையில் என் நீலப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தோம். மணி மூன்றை நெருங்கியது. இந்நேரம் பட்டாணி பையை மாட்டிக்கொண்டிருப்பாள். மற்ற பிள்ளைகள் முதுகில் மாட்டுவார்கள். இவள் முன்பக்கம் மாட்டிக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். பின்னால் மாட்டினால் பை தனியாக இருக்குமாம்.

பயத்தை மறைக்க ஏதாவது ஒரு நகைச்சுவை சொல்லப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அது எனக்கு அபூர்வமாக நடப்பது. அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"தம்பி, அட்டைப் படத்துல நீ எப்படி இருக்கன்னு பாரு" என்றார் மெதுவாக. "நிறத்தை விடு. மூஞ்சியைப் பாரு."

பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம். பட்டாணி பிறந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தது. தூக்கமில்லாத கண், கலைந்த முடி, ஆனாலும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, யாரும் கேட்காமலே அதுவாக நின்றது. இப்போது என் முகத்தில் இருந்தது வேறு. புருவம் முடிச்சுப் போட்டு, உதடு இறுகி, ஒரு மணி நேரத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"சிரி" என்றார்.

"எப்படிக்கா சிரிக்கிறது?"

"கணக்காளரோட மங்கின படத்தை நெனச்சுக்கோ."

வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பை தனியாக இருக்குமே என்று பட்டாணி சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பை நினைத்தேன். அவ்வளவு பெரிய நியாயத்தை இவ்வளவு பெரிய அப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கிறதே என்ற சலிப்போடு அவள் சொன்னதை. உதடு தானாக இளகியது.

"எந்திரி! அப்படியே போ! மூஞ்சியை மாத்தாதே!" அக்கா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கேமரா முன்னால் நிறுத்தினார்.

கதவு யோசித்தது. சாதாரணமாக ஒரு நொடிதான் எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு அது ஒரு நொடி எடுத்துக்கொண்டதா, ஒரு யுகமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"வாருங்கள்" என்றாள் என் மனைவி. "உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்."

பூட்டு 'டக்' என்றது. நான் வெளியே பாய்வதற்குள் அக்கா என்னை இடித்துக்கொண்டு முன்னால் போய் நாற்காலியை இழுத்து வாசலில் முட்டுக் கொடுத்தார். "குறை மூணு" என்றார் மூச்சு வாங்க, "அது அப்புறம். ஓடு!"

போனை எடுத்துப் பள்ளிக்கு அடித்துக்கொண்டே படியிறங்கினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கீழே காவலாளி ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நான் கையைக் காட்டிவிட்டு ஓடினேன். முதல் ஆட்டோக்காரர் நிறுத்தினார், முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். இரண்டாவது ஆட்டோக்காரர் வண்டியை மெதுவாக்கக்கூட இல்லை. மிச்ச தூரத்தையும் ஓடியே கடந்தேன். பெரிய சாலையில் லாரிகள் எனக்காக வேகம் குறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

பள்ளி வாசல் பூட்டியிருந்தது. பூட்டின கேட்டுக்கு வெளியே, சாலையோரத்தில், பள்ளி ஆயா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் வீட்டுக்குக் கொண்டுபோகும் கூடை. மறு கையில் ஒரு பையின் வார். வாரின் மறுமுனையில் பட்டாணி, சாலையைப் பார்த்து முன்னால் இழுத்துக்கொண்டு.

"விடுங்க, எனக்கு வழி தெரியும்."

"தெரியட்டும். எனக்கு பஸ்ஸே போயிடுச்சு. நீயும் நில்லு."

நான் மூச்சிரைக்கப் போய் நின்றேன். ஆயா பட்டாணியை இழுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார். கூடையை முன்னால் கேடயம்போலப் பிடித்தார்.

"யாருய்யா நீ?"

"அப்பா. பாப்பாவோட அப்பாங்க. கூட்டிட்டுப் போக வந்தேன்."

ஆயா கூடையிலிருந்து பெற்றோர் படங்கள் ஒட்டிய அட்டைக்கட்டை எடுத்தார். தேடி என் படத்தைக் கண்டுபிடித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அடையாளம் தெரியலையே" என்றார்.

கைக்குட்டையால் முகத்தைத் தேய்த்தேன். துணிதான் நீலமானது, முகம் மாறவில்லை. வெள்ளைப்பலகையிலிருந்து தடவினாலே போய்விடும் மை, மனிதத் தோலை மட்டும் விடாது போலிருக்கிறது. "ஆயா, ஆபீஸ்ல ஒரு கதவு..." என்று ஆரம்பித்தேன். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

பட்டாணி ஆயாவின் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லேட்டு" என்றாள்.

"பாப்பா, உனக்கு இவரைத் தெரியுமா?" என்று கேட்டார் ஆயா.

"எங்க அப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு."

"பாத்துட்டேன். எங்க அப்பாதான் எப்பவும் லேட்டா வருவாரு."

ஆயா அதற்குப் பிறகும் உடனே விடவில்லை. அட்டைப் படத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எந்த லைப்ரரியும் இல்லாமல் அந்த நீலத்தை அவர் மனசுக்குள் கழித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகுதான் பை வாரை என் கையில் கொடுத்தார். "போனாப் போகுது. நாளைக்கு மூஞ்சி கழுவிட்டு வாங்க" என்றார். பஸ்ஸைத் தவறவிட்டு என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு வெறும் நன்றி போதாது. கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கையும் நீலமானது.

சாலையைக் கடக்கும்போது பட்டாணி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். மறுபுறம் போய்ச் சேர்ந்ததும் போன் அடித்தது. மனைவி. நேர்காணல் முடிந்துவிட்டதாம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பாப்பாவைக் கூட்டிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். அறைக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல். ஆனால் இதில் பயம் இருந்தது. அலமாரிக்குள் தலையை விட்டுப் பதிவு செய்ததில் அது இல்லை.

"கூட்டிட்டேன். பக்கத்துலதான் இருக்கா" என்றேன். முகத்தைப் பற்றி வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு பட்டாணி நின்றாள். என்னைக் குனியச் சொன்னாள். குனிந்தேன். என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"காதுக்குப் பூசவே இல்லையே."

"கதவு காதைப் பாக்காதுடா."

"நான் பாப்பேன்ல" என்றாள்.

பிறகு பையை முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு, வழி தெரிந்தவள் என்பதால், எனக்கு முன்னால் நடந்தாள்.